தேர்ச்சி அறிக்கை எதைச் சொல்ல வேண்டும்?

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் எழுதுவது)

ஊரில் ஒரு சாலை போடப்பட்டால், அதன் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, ஜல்லி எவ்வளவு கனத்திற்குப் பரப்பப்பட்டது என்று கேட்கப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தயங்குவதில்லை. குடிநீர்த் தொட்டி கட்டினால் அது எத்தனை லிட்டர் கொள்ளும் என்று கேட்கிறார்கள். குளத்தில் தூர் வாரினால் எத்தனை அடி ஆழம் எடுத்தார்கள் என்று கரையிலே நின்று பார்க்கிறார்கள். இவ்வாறு கேட்பதும் பார்ப்பதும் அவர்களுடைய உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

அதே ஊரிலுள்ள தொடக்கப் பள்ளியில் ஐந்தாண்டுக் காலம் பயின்ற ஒரு குழந்தை என்ன கற்றது என்பதை அறிய நமக்குள்ள கருவி யாது? தேர்ச்சி அறிக்கை என்று பெயர் பெற்ற ஒரு சிறு அட்டைதான். மக்கள் அதனை 'ரேங்க் கார்டு' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரே அதன் குறையைச் சொல்லிவிடுகிறது. பிள்ளை வகுப்பில் எத்தனையாவதாக நிற்கிறது என்பதை அது சொல்கிறது. பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைச் சொல்வதில்லை.

இந்த அட்டையை எவ்வாறு மாற்றியமைக்கலாம், அதனால் குடியானவர்களுக்கும் பஞ்சாயத்துக்கும் என்ன பயன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மஞ்சள் பையில் வந்த ஐந்து அட்டைகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம சபைக் கூட்டம் முடிந்து நான் புறப்படும் நேரத்தில், ஒரு குடியானவர் மஞ்சள் பையுடன் என்னிடம் வந்தார். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலமும் இரண்டு கறவை மாடுகளும் உடையவர். அவருடைய மகள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்து, ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். சேர்ந்த இரண்டே மாதங்களில் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். காரணம் கேட்டால் அழுகிறாளே அன்றிப் பதில் சொல்லவில்லை.

பையிலிருந்து ஐந்து ஆண்டுகளின் அட்டைகளையும் அவர் எடுத்து வைத்தார். தமிழில் 52, கணக்கில் 44 என்பது போன்ற எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'தேர்ச்சி' என்று எழுதப்பட்டு, பக்கத்தில் அவருடைய கைநாட்டு இருந்தது. மறுநாள் அவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை அக்குழந்தையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். எழுத்துக்களைத் தனித்தனியே சொன்னாள். சேர்த்துச் சொல்லாக்க அவளால் இயலவில்லை. ஆறாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் அவளுக்கு எப்படிப் புரிந்திருக்கும்?

தந்தை என்னைப் பார்த்துச் சொன்னார்: "அஞ்சு வருசமா நான்தாங்க ஐயா இதுல கைநாட்டு வச்சேன். பாப்பாவுக்குப் படிக்க வரலைன்னு ஒரு தடவையாவது இதுல எழுதியிருந்தா, நான் எதையாவது செஞ்சிருப்பேனே?"

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கு நானும் மும்முறை சென்றிருக்கிறேன். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, சமையற்கூடத்தின் கூரை ஒழுகுகிறதா, சுற்றுச்சுவர் விரிசல் கண்டிருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பெழுதினேன். உள்ளே அமர்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவரையேனும் அழைத்து ஒரு பத்தி படிக்கச் சொன்னதில்லை. கட்டடத்தை அளந்தேனே தவிரக் கல்வியை நான் கேட்கவில்லை.

மண்ணுக்கு ஓர் அட்டை. பிள்ளைக்கு ஓர் அட்டை

குடியானவர்கள் மண்வள அட்டையை அறிவார்கள். 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்ட திட்டத்தின் கீழ் அது நாடெங்கும் வழங்கப்பட்டது. வயலிலிருந்து எடுத்த மண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான் ஆகிய சத்துக்களையும், கார அமில நிலை, உப்பின் நிலை, கரிமச்சத்து ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் 12 செய்திகளை அது தருகிறது. ஒவ்வொன்றும் குறைவா, போதுமா, மிகுதியா என்று தனித்தனியே காட்டுகிறது. எந்தப் பயிருக்கு எந்த உரத்தை எவ்வளவு இட வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருக்கிறது.

அந்த அட்டையில் இவை ஒன்றும் இல்லாமல், "உங்கள் வயலுக்கு 100-க்கு 58 மதிப்பெண், ஊரில் 14-ஆவது இடம்" என்று மட்டும் எழுதியிருந்தால் குடியானவர் என்ன செய்வார்? எந்த உரத்தை வாங்குவார்? துத்தநாகம் குறைந்த வயலில் யூரியாவை மேலும் மேலும் கொட்டினால் பயிர் தேறாது. ஆகவே 58 என்ற எண் உண்மையாகவே இருந்தாலும், அதனால் பயன் ஒன்றும் இல்லை. அது பக்கத்து வயல்காரரோடு ஒப்பிட்டுப் பெருமைப்படவோ வருந்தவோ மட்டுமே உதவும்.

தேர்ச்சி அறிக்கையின் நிலையும் இதுவே. கணக்கில் 48 வாங்கிய இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். முதற்பிள்ளை கூட்டலும் கழித்தலும் பிழையின்றிச் செய்கிறாள். ஆனால் "கமலா 3 டஜன் வாழைப்பழம் வாங்கினாள்" என்று தொடங்கும் வாக்கியக் கணக்கை அவளால் வாசிக்கவே முடியவில்லை. அவளுடைய குறை கணக்கில் இல்லை, படிப்பில் இருக்கிறது. இரண்டாம் பிள்ளை நன்றாக வாசிக்கிறான். கணக்கின் பொருளும் அவனுக்கு விளங்குகிறது. ஆனால் 403-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் 375 என்று எழுதுகிறான். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிடுகிறான். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்ப்பதில்லை. கடன் வாங்கிக் கழிப்பது இன்னதென்று அவனுக்கு விளங்கவில்லை. சரியான விடை 225.

இவ்விருவருக்கும் வேண்டிய மருந்து வெவ்வேறு. முதற்பிள்ளைக்கு வேண்டுவது கதைப் புத்தகம். இரண்டாம் பிள்ளைக்கு வேண்டுவது பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளும் பத்து நாள் பயிற்சியும். ஆனால் அட்டையில் இருவருக்கும் ஒரே 48. இருவருடைய பெற்றோரும் ஒரே சொல்லைத்தான் பிள்ளையிடம் சொல்வார்கள்: "இன்னும் நல்லாப் படி."

கற்றல் விளைவு என்பது என்ன?

ஒரு வகுப்பை முடிக்கும் பிள்ளை இன்ன இன்ன செயல்களைத் தானே செய்யக் கூடியதாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துச் சொல்வதே கற்றல் விளைவு எனப்படும். 'பாடம் நடத்தி முடிந்தது' என்பது ஆசிரியரின் வேலையைக் குறிக்கும். 'பிள்ளை செய்து காட்டியது' என்பது விளைவைக் குறிக்கும். விதைத்தது வேறு, விளைந்தது வேறு அன்றோ?

இந்தக் கருத்து நமக்கு முற்றிலும் புதியதன்று. பழைய திண்ணைப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வும் வரிசை எண்ணும் இல்லை. எண்சுவடியில் பிள்ளை எதுவரை முடித்தான் என்பதே கணக்கு. எனினும் அப்பள்ளிகளில் மனப்பாடமே மிகுதி. பெண் குழந்தைகளில் பெரும்பாலோருக்கும், ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் அங்கு இடமில்லை. ஆகையால் அம்முறையை நாம் திரும்ப அழைக்க வேண்டுவதில்லை. அதிலிருந்த ஒரு நல்ல பழக்கத்தை மட்டும் நினைவில் கொண்டால் போதும்.

நாடு முழுமைக்குமாக, 1 முதல் 5 வகுப்புகளுக்குரிய குறைந்தபட்சக் கற்றல் நிலைகள் 1991-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடர்ச்சியானதும் முழுமையானதுமான மதிப்பீடு வேண்டும் என்று 29-ஆம் பிரிவில் கூறியது. 2017-ஆம் ஆண்டில் அச்சட்டத்தின் மத்திய விதிகள் திருத்தப்பட்டு, வகுப்புவாரியாகவும் பாடவாரியாகவும் கற்றல் விளைவுகளை வகுக்க வேண்டும் என்பது சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் தொடக்கநிலைக்கான கற்றல் விளைவுகளை வெளியிட்டது.

தமிழ்நாட்டின் அனுபவமும் செழுமையானது. ஆந்திரப் பிரதேசத்து ரிஷிவேலியில் உருவான ஏணி முறையைத் தழுவி, 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவிற்று. ஏணியில் எந்தப் படியில் தான் நிற்கிறோம் என்பதை அதில் பிள்ளையே அறிந்துகொள்ளும். 2022-ஆம் ஆண்டில் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டார்கள். வகுப்பு எதுவாயினும், பிள்ளை நிற்கும் நிலையிலிருந்து கற்பிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

வகுப்பறை இவ்வாறு மாறும்போது, வீட்டுக்கு வரும் அட்டையும் மாற வேண்டும். 2012-13-ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, எண்களுக்குப் பதிலாக ஏ1 முதல் இ2 வரை ஒன்பது தரங்கள் அட்டையில் இடம்பெற்றன. வரிசை எண் மறைந்தது நன்மையே. ஆயினும் 'பி2' என்பது 61 முதல் 70 வரையிலான மதிப்பெண்ணின் மறுபெயர்தான். எண்ணுக்குச் சட்டை மாற்றினோமே அன்றி, பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்கு அது விடை தரவில்லை.

'தேர்ச்சி' என்ற சொல்

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கத்தில், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாகாது என்று விதித்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் 5, 8 வகுப்புகளில் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த அரசின் முடிவுக்கு விட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்கான விதியை வெளியிட்டபோது, தமிழ்நாட்டில் பழைய நிலையே தொடரும் என்று மாநில அரசு அறிவித்தது.

இது ஏழைப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஏற்பாடு. ஒரே வகுப்பில் இரண்டாம் ஆண்டு உட்கார வைக்கப்பட்ட பிள்ளை, பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் ஆடு மேய்க்கவோ சித்தாள் வேலைக்கோ போய்விடுவதை நாம் முன்பெல்லாம் கண்டோம். ஆனால் எல்லோரும் மேல் வகுப்புக்குப் போவார்கள் என்று ஆன பிறகு, அட்டையிலுள்ள 'தேர்ச்சி' என்ற சொல் கற்றலைப் பற்றி ஒரு செய்தியும் சொல்வதில்லை. தந்தையோ அச்சொல்லை நம்புகிறார். ஆகவே பிள்ளையை நிறுத்தி வைக்காத ஊரில், உண்மையைச் சொல்லும் அட்டை இருமடங்கு தேவையாகிறது.

புதிய அட்டை எப்படி இருக்கும்?

மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தமிழின் கீழ் பின்வரும் வரிகள் இருக்கலாம்:

1. முன்பின் பார்த்திராத ஒரு சிறு பத்தியைத் தடையின்றிப் படிக்கிறாள்.
2. படித்ததில் யார், எங்கே, ஏன் என்ற கேள்விகளுக்கு விடை சொல்கிறாள்.
3. பிறர் சொல்லக் கேட்டுப் பிழையின்றி எழுதுகிறாள்.
4. தான் பார்த்ததைப் பற்றிச் சொந்தமாக நான்கைந்து வாக்கியங்கள் எழுதுகிறாள்.

கணக்கின் கீழ்:

1. மூன்றிலக்க எண்களைப் படிக்கிறாள், எழுதுகிறாள், எது பெரிது என்று சொல்கிறாள்.
2. கடன் வாங்கிக் கழிக்கிறாள்.
3. வாய்பாட்டைப் பயன்படுத்திச் சிறு பெருக்கல் கணக்குச் செய்கிறாள்.
4. ஒரு பொருளைச் சமமாகப் பங்கிடுகிறாள்.
5. பணம், எடை, நேரம் பற்றிய அன்றாடக் கணக்குகளைச் செய்கிறாள்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: 'தானே செய்கிறாள்', 'துணையுடன் செய்கிறாள்', 'இனித்தான் கற்க வேண்டும்'. இவற்றுள் ஒன்றில் ஆசிரியர் குறியிடுவார். அட்டையின் அடியில் இரண்டே வரிகள் அவர் கைப்பட எழுதப்பட வேண்டும். ஒன்று, சென்ற பருவத்திலிருந்து பிள்ளை எதில் முன்னேறியிருக்கிறாள் என்பது. மற்றொன்று, அடுத்த பருவத்தில் பள்ளி என்ன செய்யும், வீடு என்ன செய்யலாம் என்பது. மண்வள அட்டையின் உரப் பரிந்துரை எத்தகையதோ, இந்த இரண்டாம் வரியும் அத்தகையது. அது இல்லாத அட்டை, நோயைச் சொல்லி மருந்து சொல்லாத வைத்தியரைப் போன்றது.

அளவுகோலை வகுக்கும்போது நம் மொழிக்கேற்ப வகுக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அடிப்படை எழுத்தறிவு இயக்கம், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்திற்கு 60 சொற்களைப் பொருளுணர்ந்து படிக்க வேண்டும் என்றும், 9999 வரை எண்களைப் படித்து எழுத வேண்டும் என்றும் இலக்கு வைத்தது. எண்ணுக்குரிய இலக்கு எம்மொழிக்கும் பொது. சொற்கணக்கு அவ்வாறன்று. பிற மொழியில் நான்கு சிறு சொற்களாக வருவது தமிழில் 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என ஒரே சொல்லாக வரக்கூடும். ஆகவே ஒரு மொழியின் சொல்லெண்ணிக்கையை மற்றொரு மொழிப் பிள்ளைக்கு அப்படியே அளவாக வைத்தல் பொருந்தாது. பொருள் விளங்கப் படிக்கிறாளா என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும்.

விழிப்பாக இருக்க வேண்டிய இடங்கள்

எந்த நல்ல ஏற்பாடும் கைதவறினால் கெடும். நான்கு இடங்களில் விழிப்பு வேண்டும்.

முதலாவது, வரிகள் மிகுந்துவிடக் கூடாது. தொடர் மதிப்பீடு வந்த காலத்தில், பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நேரம் பதிவேடு எழுதுவதிலேயே கழிகிறது என்று ஆசிரியர்கள் பல இடங்களில் குறைப்பட்டார்கள். அக்குறை நியாயமானது. ஒரு பாடத்திற்கு ஒரு பருவத்தில் நான்கைந்து வரிகள் போதும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளியிலும் செய்யக் கூடியதாக அது இருக்க வேண்டும்.

இரண்டாவது, நடை எளிதாக இருக்க வேண்டும். 'எண்ணுருக்களின் இடமதிப்பினை உணர்ந்து செயற்பாடுகளில் ஈடுபடுகிறார்' என்று எழுதினால், படித்த பெற்றோருக்கே விளங்காது. தாய் காதால் கேட்டவுடன் விளங்குமாறு எழுத வேண்டும்.

மூன்றாவது, எல்லாப் பிள்ளைக்கும் 'தானே செய்கிறாள்' என்று குறியிட்டு அனுப்பிவிடும் ஆபத்து. அட்டையைக் கொண்டு ஆசிரியரையோ பள்ளியையோ தண்டிப்போம், பணத்தைக் குறைப்போம் என்று தொடங்கினால் இது நிச்சயம் நடக்கும். சரித்திரம் இதற்குச் சான்று. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டில் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஆறு நிலைகளை வகுத்து, ஆய்வாளர் நடத்தும் தேர்வில் பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கு உதவித்தொகை என்று விதித்தார்கள். சென்னை மாகாணத்திலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இத்தகைய முறை வழக்கில் இருந்தது. விளைவு என்ன? பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை மனப்பாடம் செய்து ஆய்வாளர் முன் ஒப்பித்தார்கள். அந்நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்தே அம்முறையைக் கைவிட்டது. அளவுகோல் பிள்ளைக்கு உதவுவதற்கு ஏற்பட்டது. யாரையும் அடிப்பதற்கு ஏற்பட்ட கோலன்று. குறியின் உண்மையை நிலைநாட்ட எளிய வழி ஒன்று உண்டு. அட்டையுடன் பிள்ளை தன் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தை இணைத்து அனுப்பினால் போதும். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுவதில்லை.

நான்காவது, அரும்பு என்பதும் மலர் என்பதும் பிள்ளை இன்று நிற்கும் இடமே அன்றி, பிள்ளையின் பிறவிக்குணமன்று. 'இவள் அரும்புப் பிள்ளை' என்று ஆண்டு முழுவதும் பெயர் சூட்டிவிட்டால், பழைய வரிசை எண்ணைவிட அது கொடியதாகும். அரும்பு மலர்வதற்கே உரியது.

"வரிசை எண் இல்லாவிட்டால் பிள்ளைக்குப் போட்டி மனப்பான்மை வராதே" என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வும் மதிப்பெண்ணும் இருக்கவே இருக்கின்றன. அங்கே போட்டியிட வேண்டுமானால், இங்கே அடித்தளம் வலுவாக இருக்க வேண்டும். நாற்றங்காலில் நாற்றுக்களை அளந்து பரிசு கொடுப்பதில்லை. நீர் தேங்குகிறதா, பூச்சி பிடித்திருக்கிறதா என்றே பார்க்கிறோம்.

பஞ்சாயத்தும் பெற்றோரும் செய்ய வேண்டியவை

தொடக்கப் பள்ளி பஞ்சாயத்துக்கு அந்நியமன்று. 1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டப்படி பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தபோது, தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. பின்னாளில் ஆசிரியர்கள் அரசுப் பணியாளர்கள் ஆனபோதிலும், 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற பெயர்ப்பலகை இன்றும் இருக்கிறது. அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கு உரியனவாகக் குறித்த 29 பொருள்களில், தொடக்கக் கல்வி 17-ஆவது இனத்தில் அடங்கியுள்ளது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். 24-ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகக் கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றை ஆசிரியர் தெரிவிக்க வேண்டும் என்று கூறுகிறது. ஆகையால் "என் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது?" என்று கேட்பது சலுகையன்று, சட்டம் தந்த உரிமை.

எனவே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பிள்ளைகளின் பெயரைக் குறிப்பிடாமல் வகுப்புக் கணக்கைத் தருமாறு தலைமையாசிரியரைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, மூன்றாம் வகுப்பில் 20 பேர் இருந்தால், கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? புதிய பத்தியைப் படிப்பவர் எத்தனை பேர்? குறைவாக இருந்தால் "ஏன் இப்படி?" என்று அதட்ட வேண்டாம், "என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். தனிப் பிள்ளையின் அட்டையைப் பொதுக்கூட்டத்தில் படிப்பது ஒருபோதும் கூடாது. அது அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டுமே உரிய செய்தி.

படிக்க வராதவர் மிகுதியாக இருந்தால், பஞ்சாயத்தினால் ஆவது உண்டு. 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்ட நூலகம் உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிறதா? மாலையில் இரண்டு மணி நேரம் திறக்க ஏற்பாடு செய்யுங்கள். அறுவடைக் காலத்திலும், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பங்கள் வெளியூர் போகும் காலத்திலும் எந்தப் பிள்ளைகளின் வருகை குறைகிறது என்று பாருங்கள். அட்டையில் 'இனித்தான் கற்க வேண்டும்' என்ற கட்டம் எந்த மாதத்தில் நிரம்புகிறது என்பது அப்போது விளங்கும். பெற்றோர் கூட்டத்தைக் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். எழுத்தறியாத பெற்றோருக்கு ஆசிரியர் அட்டையைப் படித்துக் காட்டட்டும். பிள்ளையே எதிரில் அமர்ந்து ஒரு பத்தியைப் படித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளையைச் சோதிக்க நீங்கள் படித்திருக்க வேண்டுவதில்லை. பால் சொசைட்டி அட்டையைக் கொடுத்து, இந்த வாரம் எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று கூட்டச் சொல்லுங்கள். ரேஷன் கடை ரசீதைப் படிக்கச் சொல்லுங்கள். கடைக்கு அனுப்பும்போது மீதி எவ்வளவு வர வேண்டும் என்று முன்னமே கேளுங்கள். தடுமாறினால் திட்ட வேண்டாம். அடுத்த நாள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கைநாட்டு வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் என் பிள்ளை அடுத்து எதைக் கற்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?"

மஞ்சள் பையுடன் வந்தவரின் மகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவ்வூரிலேயே பட்டப்படிப்பு முடித்திருந்த ஒரு பெண், நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் அவளுக்கு எழுத்துக்கூட்டலிலிருந்து சொல்லிக் கொடுத்தார். எட்டு மாதங்களில் அவள் படிக்கலானாள். மறு ஆண்டு பள்ளிக்குத் திரும்பினாள். எட்டு மாதத்தில் கூடியது, ஐந்தாண்டுகளில் ஏன் கூடவில்லை? அவளால் இயலாததனாலன்று, அவளுக்கு எது வரவில்லை என்பதை எந்தத் தாளும் யாருக்கும் சொல்லாததனால்தான். அவள் இழந்த ஓராண்டை யாராலும் திருப்பித் தர இயலாது.

இப்பொழுது நான் எந்தப் பள்ளிக்குச் சென்றாலும், கூரையைப் பார்ப்பதற்கு முன் ஒரு பிள்ளையை அழைத்து ஒரு பத்தி படிக்கச் சொல்கிறேன். பஞ்சாயத்து உறுப்பினர்களும் அவ்வாறே செய்யலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுவதில்லை, தீர்மானமும் வேண்டுவதில்லை. ஒரு புத்தகமும் பத்து நிமிடமும் போதும்.